நாக்கைத் தூக்கு

முகங்கள் எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
சாங்கியில், கதவின் இடுப்புயரத்தில் ஒரு திறப்பு.
அதில் குனிந்து வரும் வாய்களைத் தெரியும்.

பதினோராம் அறை: மேல்வரிசையில் நான்கு பல் இல்லை.
பதின்மூன்று: வெற்றிலை போடாமலே சிவந்த ஈறு.
பதினாறில் டெக் செங், எழுபத்தொரு வயது.
மாத்திரை உள்ளே போனதும் கேட்காமலே திறந்து
ஆ என்பார்.
ஹொக்கியனிலும் ஆ, ஆதானா என்றேன் ஒருநாள்.
அவர் சிரிக்கவில்லை.
என் ஹொக்கியன் அப்படி.

இந்தாங்க. தண்ணீர். விழுங்கு. திற.
நாக்கைத் தூக்கு.
இடக்கன்னம். வலக்கன்னம்.
அடுத்தது.

ஒரு நாளைக்கு இருநூற்றுப் பத்து நாக்கு.
தூக்கச் சொல்வது ஏனென்று எல்லோருக்கும் தெரியும்.
அடியில் ஒளித்துச் சேர்த்த மாத்திரை
இன்னொருவனுக்கு விலைபோகும்,
அல்லது ஏதோ ஓர் இரவில் மொத்தமாக
சேர்த்தவனுக்கே.
ஆகவே டார்ச் அடிக்கிறேன்.
மருந்து கொடுப்பவளும் நான்,
நம்பாதவளும் நான்.

ஐந்தாம் அறையில் தேவசகாயம்.
சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு,
மூன்றையும் இங்கே வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.
லாரி ஓட்டிய இருபது வருஷத்தில்
யாரும் அவர் விரலில் ஊசி குத்தியதில்லை.
"குத்தினா காசு கேப்பாங்களே மிஸ்ஸி."
மரத்துப்போன பாதத்தில் ஒரு கொப்புளம்,
அவருக்கே தெரியாமல் பழுத்திருந்தது.
எட்டு வாரம் கட்டுப் போட்டேன்.
நகமும் வெட்டினேன்.
"என் பொண்டாட்டிகூட இப்படிக் காலப் பிடிச்சதில்ல" என்றார்.
பக்கத்தில் நின்ற அதிகாரி ரோஸ்லானுக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் சுவரைப் பார்த்தார்.

இருப்புக் கணக்கும் என் வேலைதான்.
சர்க்கரை மாத்திரை ஒன்று ஐந்து காசு.
கட்டுத்துணி நாற்பது.
வருஷக் கடைசியில் மேலிருந்து ஒரு தாள் வரும்:
எங்கே குறைக்கலாம்?

தீபாவளிக்கு வந்த சித்தப்பாவும் கேட்டார்,
வெட்டினவனுக்கும் குத்தினவனுக்கும்
நம்ம வரியில மருந்தா?
பதில் இருந்தது.
வாய் நிறைய முறுக்கும் இருந்தது.
மென்றுகொண்டே இருந்தேன்.

விடுதலையன்று இரண்டு வார மருந்து,
பலதுறை மருந்தகத்துக்கு ஒரு கடிதம்.
"அங்க எவ்வளவு ஆகும்?"
"சலுகை இருக்கு. கேளுங்க."
கேளுங்க என்பது
எனக்குச் சுலபமான சொல்.

நாலு மாதம் போயிருக்கும்.
மகனின் இருமலுக்காகத் தெம்பனிஸில்
எண்ணட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.
மருந்து முகப்பில் தேவசகாயம்,
மடிப்புக் கலையாத புதுச்சட்டை.
முகத்தை வைத்து அல்ல,
இடக்காலை லேசாகத் தூக்கி வைத்ததை வைத்துக்
கண்டுகொண்டேன்.
மூன்று பைகளில் ஒன்றைத் திருப்பித் தள்ளினார்.
"இது மட்டும் அடுத்த மாசம்."
தூரத்திலிருந்தே நிறம் தெரிந்தது.
காலைக் காக்கும் மாத்திரை.
அந்தப் பெண் நல்லவள், இரண்டு முறை சொன்னாள்,
அங்கிள், இரண்டாம் மாடியில் படிவம் இருக்கு.
படிவத்துக்குத் தலையாட்டுவதுபோல் தலையாட்டினார்.

வெளியே கண்டால் முதலில் பேசக்கூடாது.
அது எங்கள் வழக்கம்.
யாரோடு நிற்கிறார்களோ, யாருக்கு என்ன சொல்லியிருக்கிறார்களோ.

தண்ணீர் இயந்திரத்தின் அருகே
ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டார்.
குடித்தார். விழுங்கினார்.
பிறகு, எதிரே ஒருவரும் இல்லாத இடத்தில்,
வாயைத் திறந்து
நாக்கைத் தூக்கினார்.
இடக்கன்னம்.
வலக்கன்னம்.

அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
ஒருவரும் டார்ச் அடிக்கவில்லை.

என் எண் திரையில் வந்து, போனது.
அம்மா நம்ம நம்பர் என்றான் மகன்.
அந்தப் படிவம் எந்த அறையில் கிடைக்குமென்று
எனக்குத் தெரியும்.